பசியில்லா வேட்டை

வசந்தம் பிறந்து றைன் நதிக்கரை மரங்கள் தளிர்க்கத் தொடங்கியதும், பான் நகரில் பூனை வளர்க்கும் எம்மவர் வீடுகளில் ஒரே விதமான காலைப்பொழுது விடிவதுண்டு. தோட்டத்துக் கதவைத் திறந்தால், ‘அம்சல்’ என்று இந்நாட்டவர் அழைக்கும் கரிய பாட்டுப் பறவையின் குஞ்சொன்று கால்மிதியின் மேல் இறந்து கிடக்கும். அருகே வாலை நிமிர்த்தியபடி வீட்டுப் பூனை நிற்கும். பிள்ளைகள் அலறுவார்கள். தாய் பூனையை ஏசுவாள். தந்தை செருப்பைத் தேடுவார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மா மட்டும், “பூனை எண்டால் பிடிக்கத்தானே செய்யும்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கப் போய்விடுவார்.

சமையலறை மூலையில் பூனையின் கிண்ணம் இருக்கும். முதல்நாள் இரவு வைத்த உணவில் பாதி அதில் அப்படியே மிஞ்சியிருக்கும். பிள்ளைகளின் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பசியில்லாத பூனை ஏன் கொல்கிறது? தின்ன விரும்பாத குஞ்சை ஏன் பிடித்தது? இரவில் எமது காலடியில் சுருண்டு படுத்துக் குறுகுறுக்கும் பிராணியும், விடிகாலையில் குஞ்சின் கழுத்தைக் கடித்த பிராணியும் ஒன்றுதானா?

விடை தெரியாத பெற்றோருள் சிலர் பூனையை அடிக்கிறார்கள். வேறு சிலர் அதைக் கெட்ட பூனை என்று தீர்மானித்து, விலங்குக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். முதலாவதால் பறவைக்கும் பயனில்லை, பூனைக்கும் பயனில்லை. இரண்டாவதால் பிள்ளைக்கு இன்னுமொரு பிரிவு மட்டுமே மிஞ்சுகிறது. இவ்விரண்டையும் விட நல்ல வழி உண்டு. அதைக் காண்பதற்குப் பூனை எத்தகைய பிராணி என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஊரில் அது உத்தியோகம்

எமது ஊர்களில் பூனையை ‘வளர்த்தவர்கள்’ குறைவு. பூனை வீட்டில் ‘நின்றது’, அவ்வளவுதான். நெல் மூட்டை அடுக்கிய அறையிலும், தேங்காய் குவித்த கொட்டிலிலும், ஓலைக் கூரையின் முகட்டிலும் எலி இருந்தது. எலி இருந்த இடத்தில் பூனையும் இருந்தது. மீன் வெட்டும் வேளையில் தலையும் குடலும் அதற்கு விழும். சைவ வீடுகளில் பாலும் சோறும் கிடைக்கும். மிகுதியை அது தானே தேடிக்கொண்டது. எலியோ பல்லியோ அறணையோ அகப்பட்டால் எவரும் கேட்பதில்லை. கோழிக்குஞ்சில் வாய் வைத்தால் மட்டுமே பொல்லடி விழும். வேட்டை அங்கே பூனையின் குற்றமாக இருக்கவில்லை. அதன் உத்தியோகமாக இருந்தது.

தமிழ் இலக்கியமும் பூனையை வேட்டையாடும் பிராணியாகவே அறிந்திருந்தது. காட்டுப் பூனைக்கு ‘வெருகு’ என்று பெயர். தொல்காப்பியத்தின் மரபியல் கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் ஒருசேர வைத்து, அவற்றின் இளமைப் பெயர் குட்டி என்கிறது. குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை வேளையில் வேலியோரம் வந்த வெருகைக் கண்டு அஞ்சித் தன் குஞ்சுகளை அழைத்துக் கதறும் வீட்டுக் கோழியைக் காட்டுகிறார். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்திலோ, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்யும் பூனை ஒன்று நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றிக் கூடியிருக்கின்றன. அந்தத் தவத்தைப் பார்ப்பவர் எவரும் நம்புவதில்லை. பூனையின் குணத்தைப் பற்றி எம் முன்னோருக்கு மயக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மயக்கம் புலம்பெயர்ந்த பின் வந்தது. இங்கே நெல் மூட்டை இல்லை. தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் எலியும் இல்லை. தாய் ஒரு நேர வேலைக்கும் தந்தை இன்னொரு நேர வேலைக்கும் போய்விட, பாடசாலை விட்டுத் தனியே வரும் பிள்ளைக்குத் துணையாகப் பூனை வாங்கப்படுகிறது. கதவைத் திறந்ததும் ஓடிவரும் ஓர் உயிர் வீட்டில் இருக்கட்டும் என்பதே பெற்றோரின் எண்ணம். இன்று ஜேர்மனியின் வீடுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பூனைகள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றிடமிருந்து பழைய உத்தியோகம் பறிக்கப்பட்டுவிட்டது. அந்த உத்தியோகத்துக்கென அமைந்த கண்ணும் காதும் நகமும் பறிக்கப்படவில்லை. அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்ற உந்துதலும் போய்விடவில்லை. படித்த தொழில் ஒன்று, பார்க்கும் தொழில் வேறொன்று என வாழும் எம்மவருக்கு இது விளங்காத நிலைமை அன்று.

பானில் பிறந்த ஆராய்ச்சியாளர்

பசியில்லாத பூனை ஏன் வேட்டையாடுகிறது என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் இந்த பான் நகரில் பிறந்தவர் என்பது எம்மவருட் பலர் அறியாத செய்தி. அவர் பெயர் போல் லைஹவுசன். 1916இல் பிறந்து 1998இல் மறைந்தார். 1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோறன்சின் மாணவர். பின்னாளில், தமிழர்களும் வாழ்கின்ற வூப்பெற்றால் நகரில், மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வுக் குழுவொன்றை வழிநடத்தினார். வீட்டுப் பூனையையும் அதன் காட்டு உறவினங்கள் பலவற்றையும் ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கிப் படம்பிடித்து அவர் எழுதிய நூல், 1979இல் ஆங்கிலத்திலும் வெளிவந்து இத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

வேட்டை என்பது பசியால் இழுக்கப்படும் ஒரே சங்கிலி என்பதுதான் பொதுவான எண்ணம். பசித்தால் தேடும், கண்டால் பதுங்கும், நெருங்கினால் பாயும், பிடித்தால் கொல்லும், கொன்றால் தின்னும். வயிறு நிறைந்தால் சங்கிலி முழுவதும் நின்றுவிட வேண்டும். ஆனால் பூனைகளுக்கு எலிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுப் பார்த்தபோது லைஹவுசன் கண்டது வேறு. முதலில் பூனை பிடித்தது, கொன்றது, தின்றது. வயிறு நிறைந்ததும் தின்பதை நிறுத்தியது, கொல்வதை நிறுத்தவில்லை. மேலும் எலிகள் வந்தபோது கொல்வதும் ஓய்ந்தது, பிடிப்பது ஓயவில்லை. அதன் பின் பிடிப்பதும் ஓய்ந்தது. எஞ்சியது பதுங்கியிருந்து உற்றுநோக்குவது மட்டுமே.

இதிலிருந்து அவர் வந்த முடிவு, பதுங்கல், பின்தொடர்தல், பாய்தல், கொல்லல், உண்ணல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி ஊற்றுடையவை என்பது. ஓர் ஊற்று வற்றினாலும் மற்றையது சுரக்கும். இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. பூனையின் இரை சிறியது. ஒரு நாளைக்குப் பல எலிகள் வேண்டும். பாய்ச்சல்களில் பல வீணாகும். அப்படியிருக்க, பசி முற்றிய பின்னரே வேட்டைக்குப் புறப்படும் பூனை பட்டினியால் இறந்துவிடும். ஆகவே பசி வருமுன்னரே வேட்டை மனம் விழித்திருக்க வேண்டும். பல முறை தோற்றாலும் சலிக்காத அந்தப் பொறுமைதான், மூன்று வேளையும் ரின் உணவு கிடைக்கும் வீட்டிலும், யன்னலோரத்தில் இருந்து புறாவைப் பார்த்துத் தாடை நடுங்கச் செய்கிறது.

1976இல் வெளியான மற்றோர் ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. விருப்பமான உணவை உண்டுகொண்டிருந்த பூனைகளின் முன் எலி விடப்பட்டபோது, அவை உணவை விட்டெழுந்து எலியைக் கொன்றன. கொன்ற எலியைத் தட்டருகே கொண்டுவந்து போட்டுவிட்டு, முன்பு உண்ட உணவையே தொடர்ந்து உண்டன. பிள்ளைகளின் கேள்விக்கு விடை இதுதான். பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு.

அது கொடுமையா?

பிடித்த எலியைப் பூனை உடனே கொல்லாமல், தட்டி உருட்டி, விட்டுப் பிடித்து விளையாடும் காட்சியே பார்ப்பவர் மனத்தை அதிகம் புண்படுத்துவது. லைஹவுசன் இதையும் ஆராய்ந்தார். பூனை கொல்லும் முறை, இரையின் பிடரியில் கோரைப்பற்களைச் செலுத்தி முதுகெலும்பைத் துண்டிப்பதாகும். அதற்கு முகத்தை இரையின் மிக அருகே கொண்டுபோக வேண்டும். எலிக்கும் கூரிய பற்கள் உண்டு. அனுபவமற்ற பூனையும், அச்சமுற்ற பூனையும், பசியில்லாத பூனையும் அந்த இறுதிக் கடியைத் தள்ளிப்போடுகின்றன. முன்னங்காலால் தட்டிக் களைப்படையச் செய்கின்றன. ஆபத்தான இரையை வென்ற பின் துள்ளிக் குதித்து இறுக்கத்தைத் தீர்த்துக்கொள்வதும் உண்டு. எமது கண்ணுக்கு விளையாட்டாகத் தெரிவதில் அச்சமும் ஆவலும் பாதிபாதியாகக் கலந்திருக்கின்றன.

கொடுமை என்ற சொல்லுக்கு, பிறர் படும் வேதனையை அறிந்து அதில் இன்பங்காணும் மனம் வேண்டும். பூனைக்கு அத்தகைய மனம் இருப்பதாகக் காட்டும் சான்று இல்லை. அது உள்ள பிராணி எது என்பதை, போரைக் கண்டு வந்த எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடித்துத் திருத்தலாம் என எண்ணுவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். பூனை கொன்றது விடிகாலை நான்கு மணிக்கு. அடி விழுவது ஏழு மணிக்கு. இரண்டையும் தொடர்புபடுத்த அதனால் இயலாது. கொல்லக்கூடாது என்பதை அது கற்பதில்லை. இந்த மனிதரின் அருகே போகக்கூடாது என்பதையே கற்கிறது. இரையை வீட்டுக்குக் கொண்டுவருவது ஏன் என்பதற்குக் குட்டிகளுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பூனையின் வழக்கம் என்றும், பாதுகாப்பான இடத்தில் வைத்து உண்ணும் பழக்கம் என்றும் இரு விளக்கங்கள் உண்டு. எதுவாயினும், கால்மிதியின் மேல் கிடக்கும் குஞ்சு எம்மை வேதனைப்படுத்தவென்று வைக்கப்பட்டதன்று.

பிறவிக் குணமும் வளர்ப்பும்

குட்டியிலிருந்தே நல்லபடி வளர்த்தால் வேட்டைக் குணம் வராதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சீன உளவியலாளர் குவோ 1930இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. எலி கொல்லும் தாயைப் பார்த்து வளர்ந்த குட்டிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 எலி கொன்றன. தனியே வளர்க்கப்பட்டவற்றுள் அந்தத் தொகை 45. பிறந்தது முதல் எலியுடன் ஒரே கூட்டில் வளர்ந்தவற்றுள் 17 மட்டுமே. அவையும் தம்மோடு வளர்ந்த இன எலியைத் தொடவில்லை. ஆகவே வளர்ப்புக்கு வலிமை உண்டு. யாரைத் தோழனாகக் கொள்வது என்பதைக் குட்டிப்பருவம் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. ஆனால் தனியே, எவரும் கற்பிக்காமல் வளர்ந்த குட்டிகளிலும் பாதியளவு கொன்றன என்பதையும் மறத்தல் ஆகாது.

குவோ ஆய்வில் எமது சைவ வாசகர்களுக்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு பகுதியும் உண்டு. மரக்கறி உணவில் வளர்க்கப்பட்ட குட்டிகளும் மற்றவற்றைப் போலவே எலிகளைக் கொன்றன. கொன்றதைத் தின்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. உணவை மாற்றிப் பூனையைச் சைவமாக்க முடியாது.

ஆக்க முயல்வது பூனைக்கு ஆபத்தும் ஆகும். ‘ரோறின்’ என்னும் சத்தைத் தன் தேவைக்குப் போதுமான அளவு பூனையின் உடல் ஆக்கிக்கொள்வதில்லை. அது இறைச்சியிலும் மீனிலும் இருந்தே கிடைக்கிறது. அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1970களில் நிறுவப்பட்டது. இதயமும் பழுதுறும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை. ஊரில் பாலும் சோறும் தின்ற பூனை நன்றாகத்தானே இருந்தது என்பீர்கள். அது பாலாலும் சோற்றாலும் வாழவில்லை. நாம் காணாத நேரத்தில் பிடித்த எலியாலும் பல்லியாலும் வாழ்ந்தது. அதே பாலையும் சோற்றையும் பூட்டிய தொடர்மாடியில் வைப்பது, எலியை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தை மட்டும் வைப்பதாகும். இறைச்சியைக் கையால் தொட மனமில்லாத வீட்டார், முழு உணவு எனக் குறிக்கப்பட்ட பூனை உணவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் மனம் ஒப்பாதெனில், பூனை வேண்டாம் என்பதே நேர்மையான முடிவு.

இயற்கை என்று சொன்னால் போதுமா?

பூனையின் மீது குற்றமில்லை என்றால், குஞ்சுகளின் சாவுக்கு எவரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. பொறுப்பு பூனையிடமிருந்து எம்மிடம் மாறுகிறது.

காட்டில் எலி குறைந்தால் எலி தின்னும் பிராணியும் குறையும். அந்தக் கணக்கு வீட்டுப் பூனைக்குப் பொருந்தாது. தோட்டத்தில் பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ரின் உணவு உண்டு. ஆகவே அதன் தொகை குறைவதில்லை. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் வெளிச்சவீடு அமைக்கப்பட்ட 1894ஆம் ஆண்டளவில் பூனைகள் போய்ச் சேர்ந்தன. பறக்க இயலாத ஒரு சிறு குருவியினம் அங்கே இருந்தது. விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே பூனைகள் அதைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. சில ஆண்டுகளில் அந்த இனமே உலகில் இல்லாமற் போயிற்று. அமெரிக்காவில் பூனைகளால் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரையிலான பறவைகள் இறப்பதாக 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றிற் பெரும்பகுதி வீடற்ற பூனைகளின் கணக்கு என்பதையும் அந்த ஆய்வு சொன்னது.

ஜேர்மனியிலேயே, தென்மேற்கிலுள்ள வால்டோர்வ் நகரில், 2022 மே மாதத்தில் ஓர் ஆணை பிறந்தது. நிலத்தில் கூடுகட்டும் கொண்டை வானம்பாடி அங்கே சில சோடிகளாகக் குறைந்துவிட்டதால், அது குஞ்சு பொரிக்கும் காலத்தில், ஆகஸ்ட் முடியும் வரை, நகரின் ஒரு பகுதியில் பூனைகளை வெளியே விடக்கூடாது என்றார்கள். 2025 வரையான ஆண்டுகளின் வசந்தத்துக்கும் கோடைக்கும் பொருந்துமாறு அது பிறப்பிக்கப்பட்டது. பூனைப் பிரியர்கள் கொதித்தார்கள். பறவைப் பிரியர்கள் வரவேற்றார்கள். நாட்டுச் செய்தித்தாள்கள் அனைத்தும் அதைப் பற்றி எழுதின. ஒரு பூனையை வெளியே விடுவது அயலவரையும் தொடும் செயல் என்பதை அந்த வாதம் பலருக்கும் உணர்த்தியது. பறவைகளுக்குக் கூடு வைத்துத் தீனி போடும் முதிய ஜேர்மன் அயலவர் ஒருவர் எம்மோடு முகங்கொடுத்துப் பேசாமல் விட்டால், அதற்கு எமது நிறம் எப்போதும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எமது பூனையும் காரணமாக இருக்கலாம்.

செய்யக்கூடியவை

இங்கிலாந்தின் எக்சிற்றர் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு நடைமுறைக்கு மிகவும் உதவுவது. 219 வீடுகளைச் சேர்ந்த 355 பூனைகளைக் கவனித்து, அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரைகளை எண்ணினார்கள். தானியம் கலவாத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது இரைகள் 36 வீதம் குறைந்தன. நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் வேட்டை விளையாட்டுக் காட்டியபோது 25 வீதம் குறைந்தன. பல நிறங்கள் கொண்ட துணி வளையத்தைக் கழுத்தில் அணிவித்தபோது, அந்நிறத்தைக் கண்டு பறவைகள் முன்கூட்டியே பறந்துவிட்டதால், பறவைச் சாவு 42 வீதம் குறைந்தது. உணவைத் துழாவி எடுக்கவைக்கும் புதிர்க் கிண்ணமோ எதிர்பார்த்ததற்கு மாறாக இரையை அதிகரித்தது. மணியால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கூடிப்பேசிய எலிகள், கட்டியிருந்தாலும் பெரிதாகத் தப்பியிருக்கமாட்டா போலும்.

மேற்சொன்னவற்றுள் செலவே இல்லாதது விளையாட்டு. ஒரு கோல், ஒரு கயிறு, நுனியில் ஓர் இறகு. இறகைப் பூனையின் முகத்தை நோக்கி ஆட்டுதல் கூடாது. எந்த இரையும் வேட்டைக்காரனை நோக்கி ஓடி வருவதில்லை. கதிரைக் காலுக்குப் பின்னே மறைத்து, நிறுத்தி, சட்டென்று இழுக்க வேண்டும். பூனை பதுங்கட்டும், பாயட்டும். முடிவில் அதைப் பிடிக்க விட்டு, உடனே உணவு வைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் இரு தரப்புக்கும் நல்லது. நள்ளிரவில் போர்வைக்குள் அசையும் கால்விரலைக் கடிக்கும் பூனைக்கும் இதுவே மருந்து. கைவிரலை மட்டும் விளையாட்டுப் பொருளாக்குதல் கூடாது; குட்டியில் கூச்சம் காட்டும் கடி, வளர்ந்த பின் வைத்தியரிடம் கொண்டுபோகும்.

மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை, பறக்கப் பழகும் குஞ்சுகள் தரையில் நிற்கும் காலம். அந்நாட்களில் காலைப்பொழுதிலாயினும் பூனையை உள்ளே வைத்திருக்குமாறு பறவைப் பாதுகாவலர்கள் கேட்கிறார்கள். பூனையின் வாயிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட பறவையை, காயம் தெரியாவிட்டாலும், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பூனையின் பல்லிலுள்ள கிருமி, சிறு கீறல் வழியாகவும் பறவையைக் கொல்லவல்லது.

தொடர்மாடியில் வாழ்வோர் அறிய வேண்டிய ஆபத்தொன்று, மேற்புறம் மட்டும் சரிந்து திறக்கும் இந்நாட்டு யன்னல். வெளியே பறவையைக் கண்ட பூனை அந்த இடைவெளியால் பாயும். கீழே வழுக்கி, வயிறு இறுகத் தொங்கும். விடுபட எத்தனிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் இறுகும். பின்னங்கால்களுக்கு இரத்தம் போகாமல் ஊனமோ மரணமோ நேரும். பூனையைத் தனியே விட்டு வேலைக்குப் போகும்போது இத்தகைய யன்னலை முற்றாகச் சாத்த வேண்டும், அல்லது அதற்கென விற்கப்படும் தடுப்பைப் பொருத்த வேண்டும். பல்கணிக்கு வலை அடிக்க விரும்புவோர் வீட்டுச் சொந்தக்காரரிடம் முதலில் எழுத்தில் அனுமதி கேட்பது நன்று.

எலி தின்னும் பூனையிடமிருந்து தொற்றக்கூடிய ‘ரொக்சோபிளாஸ்மா’ என்னும் கிருமி, கருவிலுள்ள குழந்தையைத் தாக்கக்கூடியது. கருவுற்ற பெண்கள் பூனையின் மணற்தட்டைத் தாமே துப்பரவு செய்யாதிருத்தல் வேண்டும். கழிவில் வெளிவரும் கிருமி தொற்றும் தன்மையடைய ஒரு நாளாவது செல்லும் என்பதால், வேறொருவர் தட்டை நாள்தோறும் துப்பரவு செய்தாலே ஆபத்துப் பெரும்பாலும் நீங்கும். இதற்காகப் பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை.

வெளியே திரியும் பூனைக்குக் கருத்தடை செய்தல் இன்றியமையாதது. பாடர்போர்ன் நகரம் 2008இல் இதைக் கட்டாயமாக்கியது. பின்னர் பல நகரங்கள் அவ்வழியைப் பின்பற்றின. இதனால் வீடற்ற குட்டிகள் பிறப்பது குறையும். பானுக்குத் தென்மேற்கேயுள்ள ஐபல் மலைக்காடுகளில் வாழும் ஐரோப்பியக் காட்டுப் பூனை, வீட்டுப் பூனையுடன் கலந்து தன் இனம் கெடாதிருக்கவும் அது உதவும்.

சட்டம் சொல்வது

பானில் அடனவர் வீதியில் கோனிக் விலங்கியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம்செய்யப்பட்ட விலங்குகளுக்குப் பேர்பெற்ற அந்தக் கட்டிடத்தின் மண்டபத்திலேதான், 1948 செப்டெம்பர் 1ஆம் திகதி, இந்நாட்டின் அடிப்படைச் சட்டத்தை ஆக்கிய சபையின் தொடக்க விழா நடைபெற்றது. எமது தஞ்சக் கோரிக்கைகளுக்கு ஆதாரமாயிருந்த உரிமையை முதலில் எழுதியதும் அதே சட்டந்தான். அன்று அதில் விலங்குகளுக்கு இடமிருக்கவில்லை. 54 ஆண்டுகளின் பின், 2002இல், விலங்குகளைக் காப்பது அரசின் கடமை என்பது அதிற் சேர்க்கப்பட்டது. விலங்குகள் பொருட்கள் அல்ல என்பதைக் குடியியற் சட்டம் 1990இலேயே ஏற்றிருந்தது.

வாடகை வீட்டில் வாழ்வோருக்கு 2013 மார்ச் 20ஆம் திகதித் தீர்ப்பு முக்கியமானது. நாயும் பூனையும் வளர்க்கவே கூடாது என அச்சடித்த ஒப்பந்தத்தில் பொதுப்படத் தடைவிதிப்பது செல்லாது என்று இந்நாட்டின் உச்சக் குடியியல் நீதிமன்றம் அன்று தீர்த்தது. இதன் பொருள், எவரும் எப்போதும் வளர்க்கலாம் என்பதன்று. ஒவ்வொரு வீட்டிலும் இரு தரப்பின் நலனும் அயலவரின் நலனும் சீர்தூக்கப்பட வேண்டும் என்பதே. கேட்டுவிட்டு வாங்குவதே உத்தமம்.

வாங்க எண்ணுபவருக்கு

நன்கு பேணப்படும் பூனை 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று எட்டு வயதுப் பிள்ளைக்கென வாங்கும் குட்டி, அப்பிள்ளை பல்கலைக்கழகம் போன பின்னரும் பெற்றோரின் வீட்டில் இருக்கும். வழக்கு முடியாதவர்களும், எந்த ஊருக்கு மாற்றப்படுவோம் என்று அறியாதவர்களும், விடுதிகளில் இருப்பவர்களும் பொறுத்திருப்பது நல்லது. அகதி விடுதிகளில் பொதுவாகப் பிராணி வளர்க்க அனுமதியில்லை. வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டுச் செல்வதை இந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. விட்டுவர நேர்ந்தவற்றின் கணக்கு எமக்கு ஏற்கெனவே போதும்.

வீடும் நிலையும் உறுதியானவர்கள் தாராளமாக வாங்கலாம். பான் நகர விலங்குக் காப்பகத்திலும் வீடு தேடும் பூனைகள் காத்திருக்கின்றன. போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பூனை அழகு என்று பார்க்கும் முன், இது எலியும் குருவியும் பிடிக்கும் பிராணி என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பின்னும் பிள்ளை வேண்டும் என்றால், இறகு கட்டிய ஒரு கோலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.